நாற்பது சதவீத மழை

அத்தியாயம் 9

கல்யாணமாகி நாற்பது நாள் வாசற்படி தாண்டாமல் இருந்த பர்னோ, நாற்பத்தோராம் நாள் காலையில் மாமியாரிடம் "நான் வேலைக்குத் திரும்பட்டுமா அத்தை?" என்று கேட்டாள். மாமியார் முகர்ரம் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, திரும்பக் கெட்டிலில் கொட்டி, மறுபடி ஊற்றி, மறுபடி கொட்டினாள். தேநீர் திடமாவதற்கு அப்படிச் செய்வார்கள். அன்றைக்கு அது திடமாகிக் கறுத்தே போய்விட்டது.

"மொஹிராவோட நிச்சயம் முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றாள் கடைசியில்.

மொஹிரா முகர்ரமின் கடைக்குட்டி, பர்னோவின் நாத்தனார். நிச்சயம் இந்தச் சனிக்கிழமை.

"பார்க்கலாம்னா என்ன அர்த்தம்?" என்று பர்னோ தன் கணவன் ஜாவ்லோனிடம் கேட்டாள்.

"எங்க அம்மா பார்க்கலாம்னு சொன்னா பார்க்க மாட்டாங்கன்னு அர்த்தம்."

கோகண்ட் வானிலை நிலையத்தில் முன்னறிவிப்பு எழுதுவது பர்னோவின் வேலை. தலைநகர் தாஷ்கண்டில் பிறந்து வளர்ந்து, ஐந்து வருஷம் படித்து, இந்த ஊருக்கு வேலைக்காக வந்து, வந்த இடத்தில் ஜாவ்லோனைப் பார்த்து மனசைக் கொடுத்தவள். ஜாவ்லோன் வேண்டும். நிலையமும் வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் தான் பாதி ஆளாகிவிடுவோம் என்று அவளுக்குப் பயம்.

சனிக்கிழமை பொழுது புலர்ந்தபோது அவள் முற்றத்தில் தண்ணீர் தெளித்துப் பெருக்கிக்கொண்டிருந்தாள். புது மருமகளின் துடைப்பச் சத்தம் கேட்டுத்தான் தெரு கண்விழிக்க வேண்டும். முற்றமே இல்லாத அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு முதல் வாரம் கையெல்லாம் கொப்புளம். இப்போது பழகிவிட்டது.

முகர்ரம் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். மேற்கே வானம் லேசாக மங்கியிருந்தது.

"ஏம்மா பர்னோ, இன்னிக்கு மழை வருமா?"

சாதாரணக் கேள்விதான். வேறு எந்த மருமகளும் 'வராது அத்தை, நல்ல நாளும் அதுவுமா மழை வருமா?' என்று சொல்லி நல்ல பேர் வாங்கியிருப்பாள். பர்னோ துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, போனில் வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, தொழிலுக்குத் துரோகம் பண்ணாத ஒரு பதிலைச் சொன்னாள்.

"நாப்பது சதவீதம், அத்தை."

"என்னது நாப்பது?"

"மழைக்கான வாய்ப்பு."

"நான் வருமா வராதான்னு கேட்டேன்."

"அதைத்தான் சொல்றேன். நாப்பது சதவீதம்."

முகர்ரம் யோசித்தாள். "நாப்பதுன்னா நிறைஞ்ச எண்ணிக்கை. குழந்தை பிறந்தா நாப்பது நாள், கல்யாணம் ஆனா நாப்பது நாள், செத்தாலும் நாப்பது நாள். அப்போ கட்டாயம் வரும்னு சொல்லு."

"இல்லை அத்தை. வராததுக்கு அறுபது இருக்கே."

"அறுபது பெரிசு. அப்போ வராது."

"வராதுன்னும் சொல்ல முடியாது."

முகர்ரம் மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். "இப்படிப் பேசறதுக்கா அரசாங்கம் உனக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்குது?"

தன் பேச்சை நம்பவில்லை, நிலையத்தின் பேச்சையாவது நம்பட்டும் என்று பர்னோ எர்கினுக்குப் போன் போட்டு, அத்தைக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியை அழுத்தினாள். எர்கின் அவளோடு வேலை பார்ப்பவர். ராத்திரிப் பணி முடிந்து தூக்கக் கலக்கத்தில் இருந்தார்.

"மேற்குத் தாழ்வழுத்தப் பள்ளம் நகர ஆரம்பிச்சாச்சு, பர்னோ. அதோட முன்பக்கத்துல வெப்பக் காத்து ஏறுது. குளிர்முனை மதியம் கணவாயைத் தாண்டும். கீழ்மட்டத்துல ஈரப்பதம்தான் சந்தேகம். மேல்மட்டத் தாரை நம்ம தலைக்கு நேரா இருக்கு."

முகர்ரம் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "பாவம், இவருக்கு எத்தனை நாளா இப்படி?"

பர்னோ போனை அணைத்தாள்.

"இந்தா பாரு," என்றாள் முகர்ரம். "எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. இன்னிக்கு நீ சொன்னபடி நடந்துச்சுன்னா திங்கக்கிழமை நீ வேலைக்குப் போ. நடக்கலைன்னா, நடக்காததைச் சொல்றதுக்கு எதுக்கு ஒரு வேலை? வீட்டோட இரு. என்ன சொல்றே?"

பர்னோ மனசுக்குள் கணக்குப் போட்டாள். மழை பெய்தாலும் அவள் சொன்னது சரி, பெய்யாவிட்டாலும் சரி. ஆனால் அத்தையின் கணக்கில் பெய்தால் 'நாப்பதுன்னு குறைச்சுச் சொன்னாளே' என்றாகும், பெய்யாவிட்டால் 'வராத மழைக்கு நாப்பது குடுத்தாளே' என்றாகும். எந்தப் பக்கம் போனாலும் உதைதான்.

"சரிங்க அத்தை" என்று நெஞ்சில் கைவைத்துக் குனிந்தாள். வேறு என்ன சொல்வாள்?

காலைத் தேநீருக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது விஷயம் குடும்ப சபைக்கு வந்துவிட்டது. மாமனார் இனோயத் ஃபெர்கானா தடத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் நேரமாக மாற்றிப் பார்த்தால்தான் அவருக்குப் புரியும்.

"இதுல என்ன குழப்பம்? பகல் பொழுதுல நாப்பது சதவீதம் நேரம் மழை. மீதி நேரம் வெயில். சம்பந்திங்களைச் சீக்கிரம் வரச் சொல்லி மழைக்கு முன்னாடி அனுப்பிட்டா தீர்ந்துது."

"நேரம் இல்லைப்பா, அது வேகம்," என்றான் ஜாவ்லோன், ரொட்டியைப் பிட்டுக்கொண்டே. "நூறுன்னா கொட்டித் தீர்த்துடும். நாப்பதுன்னா தூறல். தலையில ஒரு துண்டு போட்டா போதும்."

பர்னோ கணவனைப் பார்த்தாள். காதலித்த ஒரு வருஷமும் இவரிடம் சதவீதம் சதவீதமாகத்தானே பேசினோம், அத்தனையையும் இப்படித்தான் புரிந்துகொண்டாரா என்று அவளுக்குத் திக்கென்றது.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றாள் முகர்ரம். "படிச்சவ கணக்காச் சொல்லியிருக்கா. நம்ம முற்றத்தை நூறு பங்கு வை. அதுல நாப்பது பங்குல மழை விழும், அறுபது பங்குல விழாது. அந்த நாப்பதை மட்டும் மூடிட்டா வேலை முடிஞ்சுது."

"எந்த நாப்பதும்மா?"

"மழை மேக்கேருந்துதானே வரும்? மேக்குப் பக்கத்து நாப்பது."

பர்னோ "அத்தை, அது அப்படி இல்லைங்க" என்றாள் ஒரு தடவை. யாரும் கேட்கவில்லை. "இடத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைங்க அத்தை" என்றாள் இரண்டாம் தடவை. மூன்றாவது தடவை சொன்னால் அது விளக்கம் இல்லை, எதிர்த்துப் பேச்சு. புது மருமகளுக்கு இரண்டு தடவைதான் அனுமதி. அவள் தேநீரை ஊற்றினாள்.

ஆனால் ஒன்றை மட்டும் விழுங்க முடியவில்லை.

"மழைகூடப் பெரிசில்லைங்க. காத்துதான் எனக்குப் பயமா இருக்கு. மதியம் குளிர்முனை கடக்கறப்ப வினாடிக்குப் பதினெட்டு மீட்டர் வரைக்கும் வீச்சு இருக்கும்."

"பதினெட்டு மீட்டரா?" இனோயத் முற்றத்தை ஒரு பார்வை அளந்தார். "நம்ம முற்றமே அவ்வளவு நீளம் இல்லையேம்மா. நம்மளைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயிடும், விடு."

எல்லோரும் சிரித்தார்கள். முகர்ரமுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "கோகண்ட்ல காத்தடிக்கும்னு சொல்றதுக்கு அஞ்சு வருஷப் படிப்பா? இங்க காத்தடிக்கலைன்னாதான்டி சேதி."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கோகண்ட்காரர்கள் காற்றிலேயே பிறந்து காற்றிலேயே தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகியவர்கள். வெயில், மழை, பனி இவையெல்லாம் அவர்களுக்கு வானிலை. காற்று வீட்டில் ஒரு ஆள். அதைப் பற்றி எச்சரிப்பது மாமனாரைப் பற்றி எச்சரிப்பது மாதிரி.

பக்கத்து வீட்டுக்காரரின் லாரித் தார்ப்பாய் வந்தது. நல்ல நீலநிறம், புதுசு. முகர்ரம் மேற்குச் சுவரிலிருந்து காலால் அளந்து, "இதோ, நாப்பது இங்க முடியுது" என்று ஒரு செங்கல்லை வைத்தாள். அப்பாவும் பிள்ளையும் தார்ப்பாயைத் திராட்சைப் பந்தலின் இரும்புக் கம்பங்களில் இழுத்து நாலு மூலையும் இறுக்கிக் கட்டினார்கள். பர்னோ சமையலறை வாசலிலிருந்து அதைப் பார்த்ததும் கையிலிருந்த காரட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"இப்படிக் கட்டக் கூடாதுங்க. இது கப்பல் பாய் மாதிரி. கீழ அழுத்தம் கூடும், மேல குறையும், தூக்கு விசை வந்துடும். நடுவுல ரெண்டு மூணு ஓட்டை போட்டு விடுங்க."

"தார்ப்பாய்ல ஓட்டையா?" என்றார் இனோயத். "மழைக்குத்தானேம்மா கட்டறோம்?"

ஜாவ்லோன் அவளைத் தனியாக இழுத்துப் போனான். "நீ என்ன சொல்ல வர்றே? நம்ம பாஷையில சொல்லு."

பர்னோ வாயைத் திறந்தாள். பதற்றம் வந்தால் அவளுக்குப் பாடப்புத்தகம்தான் வரும். "இயக்க அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துக்கு நேர்விகிதத்துல..."

"சரி, சரி. காரட்டை நறுக்கு போ."

தனக்கே வெட்கமாக இருந்தது. பரீட்சையில் கேட்டால் நாலு பக்கம் எழுதுவாள். கட்டின கணவனுக்கு ஒரே வரியில் சொல்லத் தெரியவில்லையே என்று நொந்துகொண்டே காரட்டை நறுக்கினாள். துண்டுகள் கோணலும் மாணலுமாக விழுந்தன.

பத்து மணிக்குள் சதவீதம் அந்த வீட்டில் புழங்கும் சொல்லாகிவிட்டது. சமையற்காரர் ஹம்ரோ இரும்புக் கொப்பரையோடு வந்து, "அக்கா, அடுப்பை எந்தச் சதவீதத்துல மூட்டட்டும்?" என்று கேட்டார். "அறுபதுல மூட்டுப்பா, நாப்பதுல சம்பந்தி உட்காருவாங்க" என்றாள் முகர்ரம். இனோயத்தின் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "வெளியாளுக்கு நாப்பது, ரத்த சம்பந்தத்துக்கு அறுபதா? என் தம்பி வீட்டுல எனக்கு இவ்வளவுதான் மதிப்பு." ஜாவ்லோன் போய், "அறுபதுதான் பெரிசு அத்தை" என்று சமாதானம் சொன்னான். அவள் கொஞ்சம் தணிந்தாள்.

பதினோரு மணிக்குச் சம்பந்தி வீட்டுப் பெண்கள் வந்தார்கள். முன்னால் மாப்பிள்ளையின் அம்மா சலோமத். பருத்த உடம்பு, பட்டுச் சட்டை, எதையும் ஒரு கணம் கூடுதலாகப் பார்க்கும் கண்கள். தார்ப்பாயின் கீழே பட்டு மெத்தையில் நடுநாயகமாக அவளை உட்காரவைத்தார்கள். மணப்பெண் மொஹிரா உள்ளறையில் இருந்தாள். வழக்கப்படி அவள் வெளியே வரக் கூடாது.

"அடிமையா வந்திருக்கோம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பிரதாய வார்த்தையைச் சொன்னாள் சலோமத், ராணி மாதிரி சாய்ந்துகொண்டு.

"வாங்க, எங்க தலைமேல வச்சுத் தாங்கறோம்" என்றாள் முகர்ரம்.

பர்னோ பளபளக்கும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் குனிந்து, மரியாதைக்கு அடையாளமாக அரைக்கிண்ணம் தேநீர் ஊற்றினாள். பேச்சு மெதுவாகக் கல்யாணத் தேதிக்கு வந்தது. வந்ததே தவிர யாரும் தேதி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

"இலை அடர்ந்து நிழல் விழற காலம் அழகான காலம்" என்றாள் சலோமத்.

"நிழலுக்கு என்ன அவசரம்?" என்றாள் முகர்ரம். "பழுக்கறது பழுக்கட்டும், உதிர்றது உதிரட்டும்."

"பழுக்கற வரைக்கும் காத்திருந்தா குருவி கொத்திடும்."

"எங்க தோட்டத்துக்குக் குருவி வராது."

பர்னோவுக்கு இது நிஜமாகவே சுவாரசியமாகப் பட்டது. விவசாய வானிலையில் அவளுக்குத் தனிச் சான்றிதழ் உண்டு. "எந்த மரத்து இலைங்க?" என்று கேட்டாள். "மல்பெரின்னா இப்பவே அடர்ந்தாச்சு. வால்நட்டுக்கு மண் சூடு பத்தாது, இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

எல்லாக் கிண்ணங்களும் பாதி வழியில் நின்றன. முகர்ரம் மெத்தையிலிருந்தே காலை நீட்டி மருமகளின் கால் விரலை மிதித்தாள்.

அடுப்படிக்கு ஓடிவந்த பர்னோவுக்கு ஜாவ்லோன் சிரித்துச் சிரித்து விளக்கினான். "அவங்க மே மாசம் வச்சுக்கலாங்கறாங்க. அம்மா, அவசரம் வேண்டாம், இலையுதிர் காலத்துல பார்க்கலாங்கறாங்க."

"அதை அப்படியே சொல்லலாமே?"

"சொன்னா மரியாதை இல்லை."

"நான் பேசறதுதான் யாருக்கும் புரியலைன்னு காலையிலேருந்து எல்லாரும் சிரிக்கறீங்க" என்றாள் பர்னோ. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கெட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அங்கே பிரார்த்தனை தொடங்கியிருந்தது. சலோமத்தோடு வந்த மூத்த பெண்மணி இரண்டு ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கையில் ஏந்தியிருந்தாள். அதைப் பிட்டுவிட்டால் நிச்சயம் முடிந்தது, பிறகு யாரும் பின்வாங்க முடியாது. எல்லோரும் கைகளை ஏந்திக் கண்ணைத் தாழ்த்தியிருந்தார்கள்.

பர்னோ தூணோரம் நின்றாள். ஏதோ சரியில்லை. காலையிலிருந்து பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்த தார்ப்பாய் சும்மா தொங்கியது. அடுப்புப் புகை நேராக மேலே போனது. கோகண்டில் புகை நேராகப் போய் அவள் பார்த்ததே இல்லை.

மேற்கே பார்த்தாள். சுவருக்கு அப்பால் வானத்தின் அடியில் பழுப்பாக ஒரு மதில் எழுந்து நின்றது. தெருக்கோடி பாப்லர் மரங்கள் ஒவ்வொன்றாகத் தலை குனிந்துகொண்டே வந்தன.

"குளிர்முனை" என்றாள் பர்னோ.

ஒருத்தி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

"அத்தை, வீச்சுமுனை வந்துடுச்சு. அழுத்தம் எகிறுது."

முகர்ரம் கண்ணாலேயே எரித்தாள். பிரார்த்தனைக்கு நடுவில் மருமகள் பேசுவதா, அதுவும் அந்தப் பாஷையிலா? இன்னும் மூன்று நாலு கலைச்சொற்கள் பர்னோவின் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. எல்லாம் துல்லியமான சொற்கள். எதைச் சொன்னாலும் ஒருவர்கூட எழுந்திருக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வேலை போனால் போகிறது என்று அந்தக் கணத்தில் முடிவு செய்தாள்.

"எந்திரிச்சு உள்ள ஓடுங்க. கம்பம் தலையில விழப்போகுது."

சொல்லிக்கொண்டே கெட்டிலைக் கீழே போட்டாள். சலோமத்தின் இரண்டு கையையும் பிடித்து, கிணற்றில் வாளி இழுப்பது போல் ஒரே இழுப்பு. பட்டுச் சட்டையின் தோள்பட்டை கிழிந்த சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. "பர்னோ" என்று அலறினாள் முகர்ரம். ஆனால் சம்பந்தியம்மாள் இழுபட்டுப் போகும்போது மற்றவர்கள் உட்கார்ந்திருப்பது மரியாதையா? எல்லோரும் எழுந்து பின்னாலேயே ஓடினார்கள். ரொட்டி ஏந்திய பெண்மணி ரொட்டியோடு ஓடினாள்.

கடைசிப் பெண் வாசல் நிலையைத் தாண்டினாளோ இல்லையோ, காற்று வந்து விழுந்தது.

தார்ப்பாய் ஒருமுறை உப்பியது. நாலு மூலையும் இறுக்கிக் கட்டியிருந்ததால் அவிழவில்லை. திராட்சைப் பந்தலையே வேரோடு பிடுங்கிக்கொண்டு கிளம்பியது. கம்பங்களில் ஒன்று சலோமத் உட்கார்ந்திருந்த மெத்தையின் நடுவில் விழுந்து, பழத்தட்டை நசுக்கி, அங்கேயே கிடந்தது. மற்றவை முற்றம் முழுக்க உருண்டன. தார்ப்பாய் சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பாப்லர் மரத்து உச்சியில் போய் மாட்டிக்கொண்டது. அறுபது சதவீதப் பக்கம் ஹம்ரோ கொப்பரை மூடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, காற்றை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு மழை வந்தது. பெரிய பெரிய துளியாகக் கொஞ்ச நேரம் சடசடத்துவிட்டு நின்றது. உடனே பளீரென்று வெயில்.

 எல்லோரும் ஜன்னல் வழியாக அந்த மெத்தையைப் பார்த்தார்கள்.

முதலில் வாய் திறந்தவர் இனோயத். "பார்த்தியா? பகல்ல ஒரு பங்குதான் மழை. நான் சொன்ன கணக்கு சரியா வந்துடுச்சு."

"தூறல்தானேப்பா? நான் சொன்னதுதான்" என்றான் ஜாவ்லோன்.

முகர்ரம் முற்றத்தை உற்றுப் பார்த்தாள். மேற்குப் பக்கம் நனைந்திருந்தது, தாழ்வாரம் மறைத்த கிழக்குப் பக்கம் காய்ந்திருந்தது. "நாப்பதுல மட்டும்தான் பெஞ்சிருக்கு" என்றாள், பயம் கலந்த மரியாதையோடு. "செங்கல் வச்ச இடத்துல வந்து நின்னிருக்கு."

மூன்று பேர் மூன்று விதமாகத் தப்பாகப் புரிந்துகொண்டு, மூன்று பேருமே அவள் சொன்னது பலித்துவிட்டது என்றார்கள். பர்னோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். ஆயுளில் முதல் தடவையாக, சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

சலோமத் கிழிந்த தோள்பட்டையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "இந்தப் பொண்ணு யாரு?"

"மன்னிச்சுக்குங்க" என்றாள் பர்னோ, குனிந்தபடி. 

"நீ என்னை இழுத்தப்போ, கோகண்ட்ல மரியாதை செத்துப் போச்சுன்னு நினைச்சேன். இப்ப அந்தக் கம்பத்தைப் பார்த்தா, மரியாதையோட செத்துப் போயிருப்பேன்னு தெரியுது." சலோமத் அவள் கன்னத்தைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

முகர்ரம் நடுவில் வந்து நின்றாள். அவள் முகம் மாறுவதைப் பர்னோ பார்த்தாள். அதில் கோபம் இல்லை. அது பெருமை.

"என் மருமக வானிலை நிலையத்துல இருக்கா. காலையிலயே சொல்லிட்டா. மழை நாப்பது சதவீதம், காத்து பதினெட்டு மீட்டர்னு. நாங்களும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் எல்லா ஏற்பாடும் பண்ணினோம்."

இனோயத் இருமினார்.

"நிலையத்துலயா?" சலோமத் புருவத்தை உயர்த்தினாள். "கல்யாணத்துக்கு அப்புறமும் போறாளா?"

 முகர்ரம் ஒரு கணம் தயங்கினாள். ஒரே ஒரு கணம்தான்.

"போகாம? திங்கக்கிழமை போறா. இவ இல்லாம அங்க என்ன ஓடும்? எர்கின்னு ஒருத்தர் இருக்கார், அவர் பேசறது ஒரு எழவும் புரியாது. என் மருமகதான் மனுஷ பாஷையில சொல்லுவா."

பர்னோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தையை அத்தை திரும்ப வாங்க மாட்டாள். அவள் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மழையில் நனைந்தவள் மாதிரி பாவனை செய்தாள்.

அந்த மூத்த பெண்மணி அப்போதுதான் தன் கையில் இருந்த ரொட்டியைக் கவனித்தாள். அங்கேயே நின்றபடி பிட்டாள். நிச்சயம் முடிந்தது. எல்லோரும் முகத்தைத் தடவி ஆமீன் சொன்னார்கள்.

சலோமத் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மெதுவாக மென்றாள். "அப்போ ரொம்ப நல்லதாப் போச்சு, முகர்ரம். உன் மருமக இருக்கறப்போ நாம எதுக்கு இலை, நிழல்னு இழுத்துக்கிட்டு? திங்கக்கிழமை ஆபீஸ் போய்ப் பார்த்து, மே மாசத்துல மழையும் காத்தும் இல்லாத ஒரு நாளைச் சொல்லட்டும். அவ சொல்ற நாள்ல கல்யாணம்."

முகர்ரமின் சிரிப்பு முகத்திலேயே உறைந்தது. மே மாசம் வேண்டாம் என்று இவ்வளவு நேரம் பழத்தையும் குருவியையும் பேசி அவள் கட்டிய அணை, ஒரே வாயில் உடைந்து போயிற்று. வேண்டாம் என்றால் இப்போது அளந்த பெருமை பொய்யாகும்.

"அவ்வளவு நாள் முன்னாடி யாராலயும்..." என்று தொடங்கினாள் பர்னோ.

"சொல்லுவா" என்றாள் முகர்ரம், பல்லைக் கடித்துக்கொண்டு. "என் மருமக கட்டாயம் சொல்லுவா."

"சதவீதம் வேண்டாம்மா" என்று சலோமத் அன்பாகச் சேர்த்துக்கொண்டாள். "நாள் மட்டும் போதும்."

புலாவ் பரிமாறத் தட்டு எடுக்கப் போன பர்னோவை, உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்து இழுத்தது. மொஹிரா. மணப்பெண்ணின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் பேசியது முழுக்க அவள் காதில் விழுந்திருக்கிறது.

"அண்ணி, நீங்க சொல்றதை இனிமே இந்த வீட்டுல எல்லாரும் நம்புவாங்க. இல்லையா?"

"அப்படித்தான் தெரியுது."

"அப்படின்னா மே மாசம் பூரா மழைன்னு சொல்லிடுங்க. ஒரு நாள்கூட விடாம."

பர்னோ அவளையே பார்த்தாள். "ஏன் மொஹிரா?"

மொஹிரா வாயைத் திறந்தாள். முற்றத்திலிருந்து முகர்ரமின் குரல், எட்டூருக்குக் கேட்கும்படி, வந்தது: "எங்க போனா எங்க வானிலைக்காரி?"

"கெஞ்சிக் கேக்கறேன் அண்ணி" என்றாள் மொஹிரா. பர்னோவின் கையை அவள் விடவில்லை.